பெட்டிக்குள் மிஞ்சிய முகங்கள்

அந்தமானின் பெரார்கஞ்ச் கிராமத்து வீடொன்றில், ஈரமும் கடலும் விட்டுவைத்த சில புகைப்படங்கள்

தைப் பொங்கல் முடிந்த வாரத்தில் அம்மா அந்தத் தகரப் பெட்டியை வெளியே எடுத்து வைப்பார். அந்தமானில் ஈரம் இல்லாத மாதங்கள் என்று சொல்லத்தக்கவை ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். மீதி நாட்களில் தென்மேற்குப் பருவமழையும் பிறகு வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்து, வருட மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிடும். செருப்பு, பெல்ட், அரிசி மூட்டை, கல்யாணப் பட்டுச் சேலை என்று எதன் மீதும் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதனால் பெரார்கஞ்சில் எங்கள் வீட்டு முற்றத்தில், பாக்கும் மிளகாயும் காயும் பாயின் ஒரு ஓரத்தில் எங்கள் வீட்டுப் புகைப்படங்களும் காயும்.

புகைப்படத்தை நேர் வெயிலில் வைக்கக் கூடாது, நிழலில் காற்றாட வைக்க வேண்டும் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பாயைப் பாக்கு மரத்தடிக்கு இழுத்துப் போட்டார்.

பெட்டியில் இப்போது இருப்பவை 61 படங்கள். அவற்றில் முகம் தெரிபவை 40க்கும் குறைவு. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளித் துகள். அந்தத் துகளைக் காகிதத்தோடு பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கப்படும் பொருள் அது. ஈரம் ஏறிய ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. வண்ணப் படங்களின் கதை வேறு. அவற்றில் இருப்பவை சாயங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட பிரிண்ட்களில் நீலச் சாயம் முதலில் வெளுத்துவிட, வானம், கடல், தென்னை எல்லாமே செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. எங்கள் ஆல்பத்தில் 1986ல் எடுத்த கடல் ஒன்று இருக்கிறது. பார்க்கிற குழந்தைகள் அதைச் செம்மண் காடு என்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட மோசம் செய்தது, தொண்ணூறுகளில் எல்லோரும் ஆசையாக வாங்கிய ஒட்டும் ஆல்பம். பசை தடவிய அட்டை மீது படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை மூடுகிற வகை. பசை படத்தின் முதுகையும் பிளாஸ்டிக் அதன் முகத்தையும் பிடித்துக்கொள்ள, இப்போது பிரித்தால் பாதி மனிதர்தான் கையோடு வருவார். இப்படி ஒட்டிக்கொண்ட படம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பிரிக்க முயலும் முன், இருக்கிற நிலையிலேயே அதை இன்னொரு படம் எடுத்துவிடுங்கள்.

பெரார்கஞ்ச் என்ற பெயரே ஒரு வெள்ளைக்காரரின் பெயர். மைக்கேல் லாயிட் பெரார், 1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை கமிஷனராக இருந்தவர். பட்டாம்பூச்சி பிடிப்பதில் பெரும் பிரியம் கொண்டவர். கைதிகளின் தீவாக இருந்ததைக் குடும்பங்கள் வாழும் ஊராக்க வேண்டும் என்று அரசு முனைந்த காலம் அது. 1921ன் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் திரூர், மஞ்சேரி, வண்டூர் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே இங்கே நட்டார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்ட பாந்து இனத்துக் குடும்பங்கள் ஐக்கிய மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்டன. அவர்களில் பலரைக் குடியமர்த்திய இடங்களில் ஒன்றுதான் பெரார்கஞ்ச். காடு வெட்ட சோட்டா நாக்பூரிலிருந்து வந்தவர்களை இன்றும் 'ராஞ்சி' என்றுதான் அழைக்கிறோம். சுதந்திரத்துக்குப் பின், 1949லிருந்து, கிழக்கு வங்காளத்து அகதிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

எங்கள் தாத்தா 1958ல் வந்தார். பரமக்குடிப் பக்கத்தில் மழை பொய்த்த வருடம். மேஸ்திரி ஒருவர் ரோடு வேலைக்கு ஆள் எடுத்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல் வழியில் சுமார் 1,190 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். "கப்பல்ல ஏறும்போது எறங்குற எடத்தைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை, ஏறினா சோறு போடுவாங்கன்னு மட்டும் சொன்னாங்க" என்பாராம். தாத்தாவின் படம் பெட்டியில் ஒன்றே ஒன்று. ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப்பின் ஊதா வளைவு நெற்றி மேல் விழுந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதை விபூதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியில் எல்லோருக்கும் பிடித்த படம் 1984ன் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ. எட்டாம் வகுப்பு. படம் எடுப்பவர் சாத்தாமிலிருந்து பாம்பூ பிளாட்டுக்குப் படகு பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் முக்காலி ஸ்டாண்டோடு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரை எங்களை வெயிலில் நிற்க வைத்திருந்ததால் படத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. முன் வரிசையில் வங்காளிப் பையன்கள். நடுவில் திரூரிலிருந்து வரும் மாப்பிள்ளைப் பையன். அவனை ஒட்டி ஒரு பாந்து வீட்டுப் பெண், ஒரு ராஞ்சிப் பெண். ஓரத்தில் எண்ணெய் வழியும் தலையோடு நான். ஒருவன் தாத்தா கலவரம் செய்து வந்தவர், இன்னொருத்தியின் தாத்தா கலவரத்துக்குப் பயந்து வந்தவர், என் தாத்தா பசிக்கு வந்தவர். இதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. எங்களுக்குள் பேச்சு எல்லாம் அந்தமான் ஹிந்தியில். இலக்கணம் பார்த்தால் டெல்லிக்காரர்கள் மயங்கி விழுவார்கள்.

அந்த 34 பேரில் 20 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடிகிறது. மாப்பிள்ளைப் பையன் வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது பாம்பூ பிளாட்டில் கடை வைத்திருக்கிறான். இந்தப் படத்தின் பிரதி அவனிடமும் இருந்ததாம். "உன்னுடையதில் என் முகம் இருக்கிறதா?" என்று கேட்டான். இருந்தது. அவனுடையதில் அவன் முகத்தின் மேல்தான் பூஞ்சை வட்டம் போட்டிருந்ததாம். என் போனிலிருந்து அவன் போனுக்கு அனுப்பினேன். சில நிமிடங்கள் கழித்துப் பதில் வந்தது: "நான் இவ்வளவு ஒல்லியா?"

பயணப் படங்கள் அதிகம் இல்லை. தீவில் இருப்பவர்களுக்குப் பயணம் என்றால் மெயின்லேண்ட் போவதுதான். ஹர்ஷவர்தனா கப்பலின் பங்க் கிளாஸில் வாந்தியும் டீசல் வாடையுமாகக் கிடந்தவர்களுக்குப் படம் எடுக்கத் தோன்றியிருக்காது. போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு அப்பா காவடி எடுத்த படம் ஒன்று. ஹம்ப்ரிகஞ்ச் நினைவுச் சின்னத்தின் முன் நாங்கள் நால்வர் சைக்கிளோடு நிற்கும் படம் ஒன்று. 1944 ஜனவரி 30 அன்று, உளவாளிகள் என்று சந்தேகித்து ஜப்பானியப் படையினர் 44 பேரைச் சுட்டுக் கொன்ற இடம் அது. நாங்கள் ஏதோ பிக்னிக் போனவர்கள்போல் தோளில் கை போட்டு நிற்கிறோம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தின் காட்சிகளில் நாடு முழுக்கப் போனது எந்த ஆல்பத்திலும் இல்லை. அது பழைய இருபது ரூபாய் நோட்டில் இருக்கிறது: ஹாரியட் மலையிலிருந்து தெரியும் கடலும் தென்னைகளும். 2019ல் வந்த புதிய நோட்டில் அந்த இடத்துக்கு எல்லோரா வந்துவிட்டது. மலைக்கும் 2021ல் மணிப்பூர் மலை என்று பெயர் மாறிவிட்டது. போர்ட் பிளேர் 2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படங்களின் பின்புறம் அப்பா பேனாவால் எழுதிய ஊர்ப் பெயர்களைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரார் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டிருக்கிறார்.

பாயில் வைக்காத படம் ஒன்றும் உண்டு. 1998ல் நான் எடுத்தது. பெரார்கஞ்சைத் தாண்டி ஜிர்காடாங் செக்போஸ்ட்டுக்கு அப்பால் டிரங்க் ரோடு ஜாரவாக்களின் காட்டுக்குள் புகுந்து போகிறது. வெளியாட்களை அம்பால் விரட்டிக்கொண்டிருந்த அவர்கள், 1997ன் இறுதியிலிருந்துதான் ஆயுதமின்றி ரோட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பஸ் மெதுவாகப் போனது. ஜன்னல் ஓரத்தில் இருந்த நான் கேமராவைத் தூக்கினேன். ஒரு சிறுவன் நேராக என்னைப் பார்க்கிறான். அன்று அதை எல்லோரிடமும் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். 2012ல் ஜாரவா பெண்களை ஆடவைத்து எடுத்த வீடியோ வெளியாகி நாடே தலைகுனிந்தது. அந்த வருடமே பழங்குடிகளைப் பாதுகாக்கும் 1956ன் ஒழுங்குவிதி கடுமையாக்கப்பட்டது. இன்று அப்படிப் படமெடுத்தால் சிறை. சட்டம் வருவதற்கு முன் எடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் நூறு வருடத்துக்கு முன் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அந்தமானியர்களை நிற்கவைத்து, உட்காரவைத்து எடுத்த படங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. படத்தில் இருந்த மக்களின் சந்ததியில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில டஜன் பேர்தான். என் மகள் அந்தச் சிறுவனின் படத்தை ஸ்கேன் செய்து வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. ஒரு கவருக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி அத்தையின் படம்.

அப்பாவின் ஒரே தங்கை. 1979ல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். இலங்கை மலையகத்தில் பிறந்து, 1964ன் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். ரப்பர் தெரிந்த கைகள் என்று அப்படிப்பட்ட குடும்பங்களை அரசு நிகோபாரின் காச்சாலில் குடியமர்த்தியது. பங்குனி உத்திரத்துக்கு வந்தவர்களிடையே பேசி முடித்த சம்பந்தம். தாலி கட்டிய மறுநாள் போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அத்தை எந்தக் கேமராவுக்கு முன்னாலும் நின்றதில்லை. மூன்று பிரதிகள் போட்டார்கள். ஒன்று காச்சாலுக்கு, ஒன்று பெரார்கஞ்சுக்கு, ஒன்று ராமநாதபுரத்தில் இருந்த சின்னத் தாத்தா வீட்டுக்கு.

அத்தையை இன்னொரு முறை படம் எடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 2000ம் ஆண்டின் முதல் சூரியன் காச்சாலில்தான் உதிக்கிறது என்று உலகமே பேசிக்கொண்ட நேரம். டிரைபல் பாஸ் வாங்கிக்கொண்டு நானும் போனேன். அரசாங்க விருந்தாளிகள் ஒரு பக்கம் இருக்க, அத்தை, மாமா, பதினேழு வயது மகன், இளைய பெண் நால்வரையும் விடியற்காலை கடற்கரையில் நிறுத்தினேன். மேகம் இருந்தது; சூரியன் அவ்வளவு ஒன்றும் பிரமாதமாக வரவில்லை. அத்தை புடவைத் தலைப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணு போதும்டா, ரோலு வீணாப்போகும்" என்றார். ஒன்பதோ பத்தோ எடுத்தேன்.

என்னுடையது கையால் பிலிம் ஏற்றும் யாஷிகா கேமரா. பிலிமின் நாக்கு உள்ளே சரியாகப் பல்லில் மாட்டியிருக்கிறதா என்பதை, ஒவ்வொரு படத்துக்கும் ரீவைண்ட் திருகு சுற்றுகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. 36 முடிந்து 37, 38 என்று எண் ஓடியபோது, அதிர்ஷ்டம், இரண்டு படம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஸ்டுடியோக்காரர் கழுவி எடுத்த பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறும் பிலிம். "ரோல் ஓடவே இல்லைங்க" என்றார். அத்தைக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் போட்டார்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியபோது பெரார்கஞ்சில் வீட்டுச் சுவர் விரிந்தது. சிப்பிகாட்டில் தரையே தாழ்ந்து நெல் வயல்கள் கடலுக்குள் போயின. அந்தமான் நிகோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கில் 3,500 பேரை ஒட்டி. மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் ஒன்று காச்சால். அத்தை மகன் அப்போது போர்ட் பிளேரில் வேலையில் இருந்ததால் தப்பினான். அவனும் அப்பாவும் ஹேடோ துறைமுகத்தில் வந்து நின்ற ஒவ்வொரு கப்பலிலும் தேடினார்கள். முகாம் முகாமாகப் போனார்கள்.

காட்டிக் கேட்க ஒரு படம் வேண்டுமே? வாக்காளர் அட்டையும் ஆல்பமும் வீட்டோடு போய்விட்டன. அப்பா தகரப் பெட்டியைத் திறந்து கல்யாணப் படத்தை எடுத்தார். மாமாவின் முகம் தெளிவாக இருந்தது. அத்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு படலம். மாலையும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன. அந்தப் படத்தைத்தான் ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். மாமாவை அடையாளம் கண்டு பேசியவர்கள் உண்டு. முதல் அலை திரும்பிப் போனதும் வீட்டுப் பக்கம் ஓடியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அத்தையைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

ராமநாதபுரத்துப் பிரதி மார்ச் மாதம் வந்து சேர்ந்தது. வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் மாவட்டம். எந்த மழை இல்லையென்று தாத்தா ஊரை விட்டு வந்தாரோ, அதே காய்ச்சல்தான் படத்தைக் காப்பாற்றியிருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் 26 வருடம் தொங்கியிருக்கிறது. ஒரு புள்ளிகூட இல்லை. அத்தை மகன் கூடத்தில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டான். வெகு நேரம் கழித்து, "அம்மா என்னைவிடச் சின்னப் பொண்ணா இருக்கு மாமா" என்றான். அவனுக்கு அப்போது 22. படத்தில் அத்தைக்கு 19.

அடுத்த சண்டை அந்தப் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்பதில் தொடங்கியது. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சுனாமிக்காக அரசு அதைத் தளர்த்திச் சான்றிதழ் கொடுத்தது. அத்தை மகன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். காகிதம் வந்துவிட்டதால் திதி கொடுத்துவிடலாம், படத்துக்கு விளக்கேற்றலாம் என்று அம்மா சொன்னார். அப்பா கேட்கவில்லை. "கல்யாணப் படம்டி அது. கழுத்துல ஏற்கெனவே மாலை இருக்கு" என்று ஒருமுறை கத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு தை அமாவாசைக்கும் கூடுதலாக மூன்று பேருக்குச் சோறு வைத்துக் காக்கைக்குப் போட்டார். அப்பா பார்க்காததுபோல் இருந்துகொண்டார். 2013ல் அப்பா இறந்தார். அவர் படத்துக்கு மாலை இருக்கிறது. பக்கத்தில் தொங்கும் கல்யாணப் படத்துக்கு இல்லை.

மெயின்லேண்டில் இத்தகைய படங்களைத் தேடிச் சேர்க்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த படங்களை ஆயிரக்கணக்கில் டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறார்கள். தூண், திரை, பூந்தொட்டி, கைக்கடிகாரம் தெரிய மடக்கிய முழங்கை என்று அந்தப் படங்களைப் பார்த்தால் எல்லாம் நம் வீட்டுப் படங்கள். நம் தீவின் ஸ்டுடியோக்களுக்கும் யாராவது வர மாட்டார்களா என்று தோன்றுகிறது. வருவதற்குள் நெகடிவ் மிஞ்ச வேண்டும். அத்தை படம் எடுத்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

இந்த ஜனவரியில் அத்தை மகன் குடும்பத்தோடு பெரார்கஞ்சுக்கு வந்திருந்தான். அவனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. புது வீட்டுக்குப் பெரிதாக ஒரு பிரதி வேண்டும் என்றான். சட்டத்தைக் கழற்றி, இருவருமாகப் படத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினான். அத்தையின் இடது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேருமே தவறிட்டாங்களா சார்?" என்று கேட்டான் பையன். "பின்னாடி நீல வானம் போட்டு, கீழே விளக்கு, மேலே ரோஜா மாலை வெச்சுத் தந்திடலாமா? ரேட் ஒண்ணுதான்."

நான் அத்தை மகனைப் பார்த்தேன்.

"மாலை வேண்டாம்" என்றான். "இருக்கிறபடியே போடு. மூணு காப்பி." என் பக்கம் திரும்பினான். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு மச்சான். பழசு திரும்ப ராமநாதபுரம் போயிடட்டும், அதோட ஒரு காப்பியும். அங்கேதான் மழை இல்லை."